பழமொழியையும் மரபுத்தொடரையும் பிரித்துப் பார்த்துப் பொருள் காண்பது எப்படி?

'யானைக்கும் அடி சறுக்கும்' பழமொழி. 'கம்பி நீட்டினான்' மரபுத்தொடர். தேர்வு வழிகாட்டி முதல் வாட்ஸ்அப் வரை இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவை வெவ்வேறு விதமாகக் கட்டப்பட்டவை, புரிந்துகொள்ளப்படும் விதமும் வேறு. பிரிக்கத் தெரியாமல் கையாளும்போதுதான் தலைப்புகள் சொதப்புகின்றன, மொழிபெயர்ப்புகள் இளிக்கின்றன. எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், வகுப்பில் இதை நடத்துகிறவர்களுக்கும், ஊரில் கேட்டதைத் தொகுக்க நினைப்பவர்களுக்கும் உதவும் வழிமுறை இது.

முதலில் வினையைத் திருப்புங்கள்

ஒரு தொடர் கையில் கிடைத்ததும் பொருளைத் தேடி ஓட வேண்டாம். கடைசியில் நிற்கும் வினையைப் பிடித்துக் காலத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். கம்பி நீட்டினான், நீட்டுவாள், நீட்டிவிட்டார்கள், நீட்டப் பார்த்தேன். எல்லாமே பேச்சில் வருகிறது. யார் நீட்டினார் என்பதை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறோம். அப்படியானால் அது வாக்கியத்தின் ஒரு உறுப்பு, அதாவது மரபுத்தொடர்.

இப்போது யானையைத் திருப்புங்கள். 'யானைக்கு அடி சறுக்கியது' என்றால் அது முதுமலையிலிருந்து வந்த செய்தி. 'சறுக்கும்' என்பதில் உள்ள 'உம்' நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை, எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. வினையை அசைத்தால் பழமொழி செத்துவிடுகிறது. அது தன் எழுவாயோடு முழுமையாக வந்த வாக்கியம். வேறு வாக்கியத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் 'என்பார்கள்', 'என்கிற மாதிரி', 'கதையாக' என்று ஒரு கைப்பிடி வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை உவமைத்தொடர்கள். 'கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல' என்பதில் கைப்பிடி தொடரிலேயே இருக்கிறது. 'போல' அங்கே ஒட்டுச்சொல் மட்டுமல்ல. அடுத்து ஒரு வினை வந்தாக வேண்டும் என்று கேட்கிற சொல் அது. 'தெய்வம் குறுக்கே வந்தது போல' என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைக்கிறவர்கள் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார்கள்.

மரபுத்தொடரில் எது அசையும், எது அசையாது

நான்கு சோதனைகள் போதும். எல்லாத் தொடரும் நான்கிலும் ஒரே விடையைத் தராது. அந்த வேறுபாடுதான் நமக்குத் தேவையான தகவல்.

வேற்றுமை உருபைத் தொட்டுப் பாருங்கள். 'கையைக் கழுவினான்' என்றால் சோப்பு நினைவுக்கு வரும். 'அவனைக் கைகழுவினான்' என்றால் உறவு அறுந்தது. இங்கே 'கை' தன் உருபை இழந்து வினையோடு ஒட்டிக்கொண்டது. அதனால் காலியான இடத்தில் 'அவனை' என்ற புதிய செயப்படுபொருள் வந்து உட்காருகிறது. 'மண்ணைக் கவ்வினார்' இதற்கு நேர்மாறு. அதில் ஐ உருபை எடுத்தால் காதுக்கு இடறுகிறது. எனவே ஒவ்வொரு தொடரையும் அதன் உருபோடு சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

நடுவே ஓர் அடைமொழியைச் செருகுங்கள். 'திட்டத்துக்குப் பெரிய முட்டுக்கட்டை போட்டார்' என்பது சரியாக ஓடுகிறது. 'அவர் போட்ட முட்டுக்கட்டை', 'முட்டுக்கட்டையை நீக்கினார்கள்' என்பவையும் ஓடுகின்றன. காரணம், முட்டுக்கட்டை என்ற சொல் தனியாகவே 'தடை' என்ற பொருளைச் சுமக்கிறது. 'பெரிய கம்பி நீட்டினான்', 'அவன் நீட்டிய கம்பி' என்று சொல்லிப் பாருங்கள், உடனே இரும்புக் கம்பி வந்துவிடும். அங்கே 'கம்பி'க்குத் தனிப் பங்கு எதுவும் இல்லை, இரண்டு சொல்லும் சேர்ந்தே 'நழுவி ஓடு' என்றாகின்றன. கல்லூரிப் பாடங்களில் மரபுத்தொடர் என்றாலே உறைந்துபோனது என்று சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான். சில கல், சில களிமண்.

ஒத்த பொருளுள்ள சொல்லை மாற்றுங்கள். காது குத்துவது நடக்கும், செவி குத்துவது நடக்காது. மூக்குடைந்தான் உண்டு, நாசி உடைந்தான் என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். செந்தமிழாக்குகிறோம் என்ற ஆர்வத்தில் தொடரைக் கொல்கிறவர்கள் இந்தச் சோதனையில்தான் சிக்குகிறார்கள்.

எதிர்மறையை மாற்றுங்கள். 'உன் பருப்பு இங்கே வேகாது' என்பதை உடன்பாடாக்கினால் சாம்பாருக்குத் தயார் என்று ஆகும். 'சுட்டுப் போட்டாலும் வராது' என்பதும் எதிர்மறையில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அகராதிகள் இவற்றை 'பருப்பு வேகு' என்று பதிந்தால் படிக்கிற அயலவருக்குத் தவறான வழி காட்டியது ஆகும். 'வேகாது' என்றே பதிய வேண்டும்.

நேர்ப்பொருளா மரபுப்பொருளா என்று சந்தேகம் வரும் இடங்களில் தொடருக்குள் தேடாமல் அதன் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பாருங்கள். 'மாட்டுக்குத் தண்ணி காட்டினான்', 'போலீஸுக்குத் தண்ணி காட்டினான்' இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. நான்காம் வேற்றுமையில் யார் நிற்கிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. 'குழந்தைக்குக் காது குத்தினார்கள்' விழா. 'எனக்கே காது குத்துறியா?' என்பதில் வளர்ந்த ஆள், கூடவே ஒரு ஏகாரம். வேறு விளக்கம் தேவையில்லை.

'வீடு வாசல்', 'காடு கழனி', 'நகை நட்டு', 'அக்கம் பக்கம்' போன்ற இணைமொழிகளை இங்கேயே சொல்லிவிடலாம். வரிசை மாறாது, 'வாசல் வீடு' என்று யாரும் சொல்வதில்லை. சிலவற்றில் ஒரு பாதிக்குத் தனி வாழ்வே இல்லை. 'அக்கம்' என்ற சொல்லை 'பக்கம்' இல்லாமல் எங்கே கேட்டிருக்கிறோம்?

காதில் விழும்போது என்ன நடக்கிறது

முதலில் நேர்ப்பொருளை யோசித்து, அது பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டு, பிறகு மரபுப்பொருளுக்குப் போகிறோம் என்றுதான் தோன்றும். ஆனால் 1979-ல் உளமொழியியல் ஆய்வாளர்களான ஸ்வின்னியும் கட்லரும் வெளியிட்ட சோதனைகளில், பழகிய மரபுத்தொடர்களை அதே அமைப்புள்ள சாதாரணத் தொடர்களைவிட வேகமாகவே பொருளுள்ளவை என்று மக்கள் இனங்கண்டார்கள். 1988-ல் கச்சாரி, தபோசி இருவரும் இத்தாலியத் தொடர்களை வைத்துச் சொன்னது இன்னும் பயனுள்ளது. ஒவ்வொரு தொடரிலும் ஒரு சாவிச்சொல் உண்டு, அது வரும்வரை சாதாரண வாக்கியம்போலவே கேட்கிறோம், அது வந்ததும் முழுத்தொடரும் திறந்துகொள்கிறது.

தமிழில் இதைக் கையோடு சோதிக்கலாம். 'வயிற்றில்' என்று மட்டும் சொன்னால் வலியாகவும் இருக்கலாம், பசியாகவும் இருக்கலாம். 'வயிற்றில் புளியை' என்றதும் முடிந்தது, 'கரைத்தது' வருவதற்குள் கேட்பவர் அங்கே போய்விட்டார். 'கம்பி' என்று மட்டும் கேட்டால் ஒன்றும் திறக்காது, 'நீட்டி' வரவேண்டும். எழுதும்போது கவனிக்க வேண்டியது இதுதான்: சாவிச்சொல்லுக்கும் அதற்கு முன்னால் உள்ள சொல்லுக்கும் நடுவே நீண்ட எச்சத்தொடரைத் திணிக்கக் கூடாது. 'வயிற்றில், நேற்று வந்த அறிக்கையைப் பார்த்ததும், புளியைக் கரைத்தது' என்பதில் சாவி தாமதமாகி, கிலி போய் மருத்துவம் வந்துவிடுகிறது.

பழமொழியின் அச்சுகள்

நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆலன் டண்டிஸ் 1975-ல் சொன்ன வரையறை நல்ல தொடக்கம்: ஒரு பழமொழிக்குக் குறைந்தது ஒரு பேசுபொருளும் அதைப் பற்றிய ஒரு கூற்றும் வேண்டும். 'தன் கையே தனக்கு உதவி'யில் 'தன் கையே' பேசுபொருள், 'தனக்கு உதவி' கூற்று. வினையே தேவைப்படவில்லை. தமிழ்ப் பழமொழிகளில் பெரும்பகுதியைச் சில அச்சுகளுக்குள் அடக்கிவிடலாம்.

'ஆல்' அச்சு மிகவும் பரவலானது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. இரண்டாவதில் உள்ள 'அமுதமும்' என்ற உம்மையைக் கவனியுங்கள். இது உயர்வு சிறப்பும்மை, உயர்ந்த ஒன்றுக்கே இந்த நிலை என்பது. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பதில் இருப்பது இழிவு சிறப்பும்மை, எளிய ஒன்றுக்குக்கூட உண்டு என்பது. உம்மை ஒன்றுதான், ஆனால் இந்த வேறுபாடு பயன்பாட்டையே மாற்றுகிறது. 'யானைக்கும்' உயர்வு, ஆகவே பெயரெடுத்த ஆளின் சறுக்கலுக்குத்தான் அது பொருந்தும். முதல் ஆட்டத்திலேயே பந்தைக் கோட்டைவிட்ட புதுப்பையனுக்கு இதைப் போடுகிற விளையாட்டுத் தலைப்பில் யானையே இல்லை.

வினா அச்சு: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா? விடை வேண்டாத கேள்வி. யாராவது பதில் சொன்னால் சண்டைக்கு வருகிறார் என்று பொருள். இரட்டை அச்சு: ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். சாண் ஏற முழம் சறுக்கும். இந்த இரண்டாவதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். இரண்டு சாண் ஒரு முழம். ஏறியதைப்போல் இரு மடங்கு சறுக்கல். மீட்டரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் 'கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் சறுக்குவது' என்று எழுதுவார்கள், எழுதுகிறார்கள்.

தனிச்சுவையுள்ளது 'ஆம்' அச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யாரோ சொன்னதாக, எங்கோ நடந்ததாக வரும் இந்த 'ஆம்' பேசுகிறவரைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது. எதிரில் இருப்பவரைக் குத்தலாம், 'உன்னைச் சொல்லலையே' என்றும் சொல்லிக்கொள்ளலாம். மாமியார் மருமகள் பேச்சில் இந்த அச்சு இவ்வளவு புழங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஓசையையும் சோதியுங்கள். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பதில் பகர மோனை. பந்தி, முந்து, பிந்து என்று எதுகை. 'அகத்தின் அழகு முகத்தில்' என்பதிலும் எதுகைதான் பழமொழியைத் தாங்கி நிற்கிறது. 'உள்ளத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று எழுதினால் பொருள் குறையவில்லை, ஆனால் அது பழமொழி இல்லை. சொற்கள் மாறவே மாறாது என்பதும் இல்லை. பழமொழி நானூற்றில் 'பாம்பறியும் பாம்பின கால்' என்று இருப்பது இன்று 'பாம்பின் கால் பாம்பறியும்'. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்பதில் நுணல் என்ற சொல் வழக்கொழிந்ததும் தவளை வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சு அப்படியே இருக்கிறது.

ஒன்றை முழுக்கப் பிரிப்போம்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.'

முதலில் பொருட்களத்தைப் பாருங்கள். தூற்றுவது களத்து வேலை. அடித்த நெல்லை முறத்தில் அள்ளி உயரத்திலிருந்து மெல்லச் சரிக்கும்போது காற்று பதரையும் தூசையும் தள்ளிக்கொண்டு போகும், மணி நேரே கீழே விழும். காற்று இல்லையென்றால் வேலை நிற்கும். இன்று 'தூற்று' என்றால் பலருக்கும் வசைபாடுவதே நினைவுக்கு வருவதால், வாய்ப்புக் கிடைக்கும்போது திட்டிவிடு என்று பொருள் கொள்கிற மாணவர்களும் உண்டு. பழமொழியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், பக்கத்துச் சொல்லோடு இணங்குவதை எடுக்க வேண்டும். 'காற்று' இருக்கும்போது 'தூற்று' களத்துக்குத்தான் போகும்.

அடுத்து உறவைப் பிரித்தெடுங்கள். படத்தை நீக்கிவிட்டு, 'நம் கையில் இல்லாத உதவி ஒன்று வந்து போகும், அது இருக்கும்போது நம் வேலையை முடிக்க வேண்டும்' என்று வெறும் சட்டகமாக எழுதுங்கள். 'உதவி நம் கையில் இல்லை' என்பது விட்டுப்போனால் இந்தப் பழமொழி சோம்பலுக்கு எதிரான பொது அறிவுரையாகச் சுருங்கிவிடும். காற்றை யாரும் கூப்பிட முடியாது. அதனால்தான் வட்டி குறைந்திருக்கும்போது வீட்டுக்கடனை மாற்றச் சொல்ல இது பொருந்துகிறது, தினமும் காலையில் எழுந்து படிக்கச் சொல்லப் பொருந்தவில்லை.

மூன்றாவது, இலக்கணத்தில் மறைந்திருக்கும் மனப்பாங்கு. 'போதே'யின் ஏகாரம் அவசரம். '-கொள்' துணைவினை, பலன் செய்கிறவனுக்கே என்கிறது. 'தூற்று' என்று மட்டும் இருந்தால் அந்தத் தன்னலம் இருக்காது. அதனால்தான் பதவியில் இருக்கும்போது சுருட்டிக்கொள்கிறவரைக் கிண்டல் செய்யவும் இதே வரி வசதியாக இருக்கிறது.

நான்காவது, யார் யாரிடம். வினை ஒருமை ஏவல். மாமாவிடமோ மேலதிகாரியிடமோ இதை நேராகச் சொல்ல முடியாது. 'தூற்றிக்கொள்ளுங்கள்' என்று மரியாதை விகுதி சேர்த்தால் ஓசை உடைந்து, நிஜமாகவே நெல் தூற்றச் சொல்வதுபோல் ஆகும். வழி ஒன்றுதான்: 'காற்றுள்ளபோதே தூற்றிக்கணும்னு சொல்லுவாங்கல்ல மாமா' என்று கைப்பிடி போட்டுச் சொல்வது. ஏவல் பழமொழிகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

இந்த யார், யாரிடம், யாரைப் பற்றி என்ற கேள்வியை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் பீட்டர் சைட்டெல் 1969-லேயே பழமொழி ஆய்வின் நடுவில் வைத்தார். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிலும் வைத்துப் பார்த்தால் ஒரே பழமொழி மூன்று செயல்களாகும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது தோற்றவரைப் பார்த்துச் சொன்னால் ஆறுதல். மூன்றாமவரைப் பற்றிச் சொன்னால் நியாயம் பேசுதல். தன்னைப் பற்றித் தானே சொன்னால் 'நான் யானை' என்ற தற்பெருமை.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிற அதே ஊர்தான் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்றும் சொல்கிறது. இது முரண் இல்லை. தொல்காப்பியர் முதுமொழியை 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி' என்கிறார். பேசுகிறவர் நிறுவ நினைத்ததை முடித்துக்கொடுக்க வரும் காரணம் அது. வழக்கில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. பழமொழி வாதம், சட்டம் அல்ல. வகுப்பில் 'இந்தப் பழமொழி சரியா தவறா' என்று பட்டிமன்றம் வைப்பது நேர விரயம். எந்தச் சூழலில் சொல்லலாம் என்று கேட்டால் பிள்ளைகள் நன்றாகவே பதில் சொல்வார்கள்.

'உண்மைப் பொருள்' என்று வருபவற்றைச் சோதிப்பது

பழமொழிகளுக்கு 'மறைந்துபோன உண்மைப் பொருள்' கண்டுபிடிப்பது இப்போது பெரிய தொழில். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது 'கழு தைக்கத் தெரியுமாம்' என்ற கோரைப்பாய் விஷயமாம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் நம்பியது அரசமரத்தையாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது சஷ்டி விரதமாம். கேட்க அழகாக இருக்கும். நம்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இலக்கணம் ஒத்துக்கொள்கிறதா? அரசமரத்துக்கு 'அரசு' என்று பெயர். அதோடு ஐ சேர்ந்தால் 'அரசை'. 'அரசனை' வர வேண்டுமானால் அரசன்தான் வேண்டும்.

மாற்று வடிவங்கள் தாங்குகின்றனவா? 'கழுதை அறியுமா கற்பூர வாசனை' என்றும் வழங்குகிறது. அதில் தைப்பதற்கு இடமே இல்லை. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்று மக்கள் சேர்க்கிற 'தானே'யும் விரதத்தோடு ஒட்டாது, சட்டியோடுதான் ஒட்டும்.

பக்கத்து மொழி என்ன சொல்கிறது? கன்னடத்தில் கழுதைக்குக் கஸ்தூரி மணம் தெரியுமா என்கிறார்கள். தெலுங்கில் கழுதைக்குச் சந்தன வாசனை தெரியுமா என்கிறார்கள். மூன்று மொழியிலும் கழுதை நிற்கும்போது, தமிழில் மட்டும் அது கோரைப்புல்லாக இருந்தது என்று சொல்ல வழியில்லை.

இந்தத் திருத்தங்களுக்குப் பின்னால் ஒரு கூச்சம் இருக்கிறது: முன்னோர் முரட்டுத்தனமாகவோ கேலியாகவோ பேசியிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பேசினார்கள். சாதியையும், கைம்பெண்களையும், ஊனமுற்றவர்களையும் இழிவுபடுத்தும் பழமொழிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. தொகுப்பில் அவற்றை உள்ளபடியே பதிய வேண்டும். சொந்தக் கட்டுரையில் பயன்படுத்த நினைத்தால், மேலே சொன்னபடி உறவைப் பிரித்தெடுத்து, அதே உறவுள்ள வேறொன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

எழுத்தில் கெடும் இடங்கள்

இரண்டு படங்களைக் கலப்பது முதல் கோளாறு. 'அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்து மண்ணைக் கவ்வினார்' என்றால் முகம் முழுக்க விபத்து. பழமொழியைச் சொல்லிவிட்டு 'அதாவது' என்று உரை எழுதுவது இரண்டாவது; அந்த உரை தேவைப்பட்டால் பழமொழியை எடுத்துவிடுங்கள். மேடைப் பேச்சில் பாதி சொல்லி நிறுத்தினால் கூட்டம் மீதியை முடிக்கும். 'ஆழம் தெரியாம...' என்றாலே போதும். அந்த உத்தி எழுத்திலும் வேலை செய்யும், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பழமொழிக்கு மட்டும்.

மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் போவதும், கட்டாயமாக உள்ளூர்ப் பழமொழி தேடுவதும் ஒரே அளவு ஆபத்து. ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிப்பது என்ற ஆங்கிலத் தொடருக்கு 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' அருமையான மாற்று. ஆனால் லண்டன் பனியில் நடக்கும் கதையின் பாத்திரம் 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பேசினால் வாசகர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். அங்கே உறவை மட்டும் எடுத்துச் சாதாரண வாக்கியமாக எழுதுவதே நல்லது.

தொகுக்க நினைப்பவர்களுக்கு

மிஷனரி பெர்சிவல் 1842-ல் வெளியிட்டு 1874-ல் ஆறாயிரத்துக்கு மேல் விரிவாக்கிய தொகுப்பும், இன்னொரு மிஷனரி ஜென்சன் 1897-ல் பொருள்வாரியாகப் பிரித்த தொகுப்பும் ஒப்பிடுவதற்கு இன்றும் உதவும். அவற்றில் பழமொழி இருக்கிறது, ஆங்கிலப் பொருள் இருக்கிறது. யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பது பெரும்பாலும் இல்லை. புதிதாகத் தொகுப்பவர் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

ஒரு பழமொழிக்கு ஓர் அட்டை. அதில் கேட்ட ஊர், சொன்னவர் கேட்டவர் உறவுமுறை (பாட்டி பேத்தியிடம், கடைக்காரர் வாடிக்கையாளரிடம்), எதைப் பற்றிய பேச்சு, முன்னும் பின்னும் வந்த ஒரு வாக்கியம், போட்ட கைப்பிடி, மாற்று வடிவம் இருந்தால் அது. 'ஒரு பழமொழி சொல்லுங்க' என்று கேட்டு வாங்கினால் பாடப்புத்தகத்தில் உள்ளதே திரும்பி வரும். வேலை நடக்கும் இடத்தில் காதை வைத்திருக்க வேண்டும். பேச்சு வடிவத்திலேயே எழுதுங்கள். 'கூடம் கோணல்னாளாம்' என்று கேட்டதை 'கூடம் கோணலாக உள்ளது என்று கூறினாளாம்' என்று திருத்தினால் ஓசையும் போகும், குத்தலும் போகும். கைபேசியில் பதிவு செய்தால் அட்டையில் கோப்பின் பெயரையும் நிமிடத்தையும் குறித்து வையுங்கள், இல்லையென்றால் பிறகு தேடி எடுக்க முடியாது.